“நீங்க என்ன ஆளுக?”: ராமநாதபுரம் கடற்கரையில் வாடகை வீடு தேடுவோர் கேட்கும் சட்டக் கேள்விகள்

வாடகை எவ்வளவு, நல்ல தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும் என்று பேசத் தொடங்கும் முன்பே வந்து விழுகிற கேள்வி இது. தொண்டி, தேவிபட்டினம் தொடங்கி கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வரையிலும், பாலம் தாண்டிப் பாம்பன், தங்கச்சிமடம், ராமேசுவரம் வரையிலும் வீடு தேடி அலைந்தவர்களுக்கு இது பழகிப்போன கேள்வி. இடமாறுதலில் வந்த ஆசிரியர், அரசு மருத்துவமனைச் செவிலியர், மீன் கம்பெனியில் கணக்கு எழுத வந்த பையன், வீட்டை எதிர்த்துத் திருமணம் செய்துகொண்ட ஜோடி என்று எல்லோரும் இதைத் தாண்டித்தான் வரவேண்டியிருக்கிறது. பல வருடங்களுக்கு முன் ராமநாதபுரத்தில் நான் வீடு தேடியபோது, அட்வான்ஸ் பேசி முடித்து, சாவி கைக்கு வரவேண்டிய நேரத்தில், “ஊர்ல கேட்டுட்டுச் சொல்றேன்” என்றார் வீட்டுக்காரர். அவர் திரும்பக் கூப்பிடவே இல்லை. அன்று எனக்குச் சட்டம் எதுவும் தெரியாது. தெரிந்திருந்தால் அன்று என்ன செய்திருப்பேனோ, அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சொந்த வீட்டை யாருக்குக் கொடுப்பது என்பது வீட்டுக்காரர் விருப்பம்தானே? இதில் சட்டம் எங்கே வருகிறது?

பாதி உண்மை. அந்தப் பாதியை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். சட்டம் தராத ஒன்றை நம்பிக் காவல் நிலையம் போனால் கையில் இருக்கும் தெம்பும் போய்விடும்.

அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் பார்த்து வேற்றுமை காட்டக் கூடாது என்று முதலில் அரசுக்குத்தான் சொல்கிறது. அதன் இரண்டாம் உட்பிரிவு கடை, உணவகம், தங்கும் விடுதி, கிணறு, குளம், படித்துறை, சாலை ஆகியவற்றுக்கும் அதை நீட்டுகிறது. தனியார் வாடகை வீடு அந்தப் பட்டியலில் இல்லை. ராமேசுவரம் கோயில் ரதவீதி லாட்ஜில் மதத்தைக் காட்டி அறை தர மறுத்தால் அரசியலமைப்பு எதிரே நிற்கிறது. அதே லாட்ஜுக்குப் பின்தெருவில் இருக்கும் மாடி வீட்டுக்கு அது நேரடியாகப் பொருந்துவதில்லை. குஜராத்தில் ஒரு பார்சி வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம், தன் சமூகத்தாருக்கு மட்டுமே உறுப்பினர் உரிமை என்று வைத்திருந்த விதியை உச்ச நீதிமன்றம் 2005இல் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. நம் மாநிலத்தின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் வாடகை, அட்வான்ஸ், வெளியேற்றம் பற்றியெல்லாம் பேசுகிறது. இன்னாருக்கு மறுக்கக் கூடாது என்று மட்டும் சொல்லவில்லை. இது பெரிய ஓட்டை, அடைக்கப்பட வேண்டிய ஓட்டை.

ஆனால் மறுப்பதற்கான காரணம் தீண்டாமையாக இருந்தாலோ, வந்தவர் திருநர் என்பதாக இருந்தாலோ, எச்.ஐ.வி. தொற்றாக இருந்தாலோ, “என் வீடு, என் இஷ்டம்” என்ற பேச்சு செல்லாது. ஒருவர் குடியேறிய பிறகு அவரை எப்படி வெளியேற்றலாம் என்பதிலும் வீட்டுக்காரரின் இஷ்டத்துக்கு எல்லை உண்டு.

பட்டியல் சாதி என்று தெரிந்ததும் வீடு இல்லை என்றார். எந்தச் சட்டத்தில் புகார் கொடுக்கலாம்?

நம் பக்கம் எல்லாவற்றுக்கும் “பி.சி.ஆர். கேஸ்” என்று ஒரே பெயர் சொல்கிறோம். உண்மையில் அவை இரண்டு தனிச் சட்டங்கள். எது எதற்கு என்று தெரிந்தால் புகாரைச் சரியாக எழுதலாம்.

முதலாவது, குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 1955. பி.சி.ஆர். என்பது இதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கம். இதன் 4ஆவது பிரிவு, எந்தப் பகுதியிலும் குடியிருப்பு கட்டவோ வாங்கவோ அதில் குடியிருக்கவோ தீண்டாமையின் பெயரால் ஒருவரைத் தடுப்பதைக் குற்றம் என்கிறது. ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, கூடவே அபராதம். வாடகைக்கு மறுப்பதற்கு மிக நெருக்கமாக வரும் பிரிவு இதுதான். வழக்கறிஞர்களே இதை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். இதே சட்டத்தின் 12ஆவது பிரிவு இன்னும் முக்கியமானது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், அந்தச் செயல் தீண்டாமை காரணமாகவே நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். அப்படி இல்லை என்று நிரூபிக்கும் பாரம் எதிர்த்தரப்புக்கு. தடுத்தது நடந்தது என்று நீங்கள் காட்ட வேண்டும். “சாதியால்தான் செய்தார்” என்று அவர் மனத்தைத் திறந்து காட்டும் வேலை உங்களுடையது இல்லை.

இரண்டாவது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989. 2016 ஜனவரி 26 முதல் நடப்புக்கு வந்த திருத்தம் இதை வலுவாக்கியது. ஒரு குடும்பத்தைச் சமூகப் புறக்கணிப்புக்கோ பொருளாதாரப் புறக்கணிப்புக்கோ உள்ளாக்குவதும், அப்படிச் செய்வோம் என்று மிரட்டுவதும் இப்போது குற்றம். வீட்டை, ஊரை விட்டு வெளியேறும்படி செய்வதும் குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை தண்டனை. ஒரு வீட்டுக்காரர் தனியாக மறுத்தால் 1955ஆம் ஆண்டுச் சட்டமே நேராகப் பொருந்தும். தெருவே கூடி “இவங்களுக்கு யாரும் வீடு விடக் கூடாது” என்று கட்டுப்பாடு போட்டால் 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் புறக்கணிப்புப் பிரிவு வருகிறது. புகாரில் இரண்டையும் சொல்லலாம்.

வாசலில் வைத்துச் சாதிப் பெயர் சொல்லித் திட்டினார். போனில் திட்டினாலும் அதேதானா?

இல்லை. இந்த வேறுபாடு தெரியாமல் நல்ல வழக்குகள் கெட்டுப்போகின்றன. சாதிப் பெயரால் திட்டுவது வன்கொடுமைச் சட்டத்தில் குற்றமாக வேண்டுமானால், அது பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நடந்திருக்க வேண்டும். அது தெருவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வெளியிலிருந்து பார்க்கக்கூடிய வாசலும் முற்றமும்கூடச் சேரும் என்று 2008இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. நான்கு சுவருக்குள், வெளியாள் ஒருவரும் இல்லாமல் நடந்தால் இந்தப் பிரிவு பொருந்தாது என்று 2020இல் சொன்னது. ஆகவே, வீடு பார்க்கப் போகும்போது கூட ஒருவரை அழைத்துப்போங்கள். அவர் உங்கள் வீட்டு ஆளாக இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது.

“காலி இல்லை” என்று மட்டும் சொல்லிவிட்டார். காரணமே சொல்லவில்லையே?

பெரும்பாலும் நடப்பது இதுதான். முதல் நாள் “நாளைக்கே வாங்க” என்றவர், பேரைக் கேட்டதும், அப்பாவின் ஊர்த் தெருவைக் கேட்டதும் மாறிவிடுகிறார்.

அன்றிரவே எல்லாவற்றையும் எழுதி வையுங்கள்: தேதி, நேரம், கேட்ட கேள்வி, அவர் சொன்ன சொல் அப்படியே, பக்கத்தில் இருந்தவர் யார். “வாடகைக்கு” என்று எழுதித் தொங்கும் பலகையைப் படம் எடுங்கள். இரண்டு நாள் கழித்து வேறு சாதி நண்பர் ஒருவர் அதே வீட்டைப் போய்க் கேட்கட்டும். அவருக்குக் காலியாக இருந்தால் உங்களுக்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டார். தரகர் மூலம் போனீர்கள் என்றால், அவரோடு பேசுவதை வாட்ஸ்அப்பில் வைத்துக்கொள்ளுங்கள். “ஏண்ணே வேண்டாம்னுட்டாக?” என்று நீங்கள் கேட்க, “அவுக ஆளுகளுக்குத்தான் விடுவாகளாம்” என்று அவர் பதில் போட்டால் அது ஓர் ஆவணம். குரல் பதிவோ செய்தியோ இருந்தால் அந்த போனையே பத்திரமாக வையுங்கள். மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது அதற்கென ஒரு சான்றிதழும் இணைக்க வேண்டும். அழித்துவிட்டுப் பிரதியை மட்டும் வைத்திருந்தால் சிக்கல்.

நடக்காத ஒரு வார்த்தையைக்கூடப் புகாரில் சேர்க்காதீர்கள். சேர்த்த ஒரு வார்த்தை குறுக்கு விசாரணையில் உடைந்தால், உண்மையான பத்து வார்த்தையும் அதோடு போகும்.

நாங்கள் கிறிஸ்தவர்கள். ஆனால் எங்களைப் பழைய சாதியை வைத்துத்தான் பார்க்கிறார்கள்.

கடற்கரை ஊர்களில் இதைக் கேட்காமல் நகர முடியாது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதங்களைச் சேர்ந்தவர்கள்தான் பட்டியல் சாதியினராகக் கொள்ளப்படுகிறார்கள். அதனால் மதம் மாறிய குடும்பங்கள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் புகார் கொடுக்க முடிவதில்லை. மாதாகோயிலுக்குப் போனால் சாதி போய்விடும் என்று சட்டம் நினைக்கிறது. தெரு அப்படி நினைப்பதில்லை. இந்த அநியாயம் எனக்கு ஆறவே இல்லை.

ஆனாலும் 1955ஆம் ஆண்டுச் சட்டம் “எவரொருவர் மீதும்” தீண்டாமை காட்டுவதைத் தடுக்கிறது. பட்டியல் சாதிச் சான்றிதழை அது நிபந்தனையாக வைக்கவில்லை. 12ஆவது பிரிவின் அனுமானம் மட்டும் உங்களுக்குக் கிடைக்காது. ஆகவே சாட்சிகளை இன்னும் கவனமாகச் சேர்க்க வேண்டியிருக்கும்.

மதத்தைக் காட்டி மறுக்கிறார்கள். கறி, மீன் சமைக்கக் கூடாது என்கிறார்கள்.

முஸ்லிம் என்று மறுக்கும் தெருவும் உண்டு, இந்து என்று மறுக்கும் தெருவும் உண்டு. இரண்டும் ஒரே வலிதான். தனியார் வீட்டுக்காரர் மதம் பார்த்து மறுப்பதைத் தண்டிக்கும் நேரடிச் சட்டம் இன்று இல்லை. வீட்டுவசதி வாரியம், நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் போன்ற அரசு அமைப்பின் வீடு என்றால் அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு நேராக வரும். தனியாரிடம் நடந்ததற்கு மாநிலச் சிறுபான்மையினர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். அது விசாரித்து அரசுக்குப் பரிந்துரைக்கும். மறுப்போடு நிற்காமல் மிரட்டினாலோ, மதத்தைச் சொல்லிப் பகையை மூட்டும்படி பேசினாலோ அது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் கீழ் தனிக் குற்றம்.

உணவு விஷயத்தில் ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது நிபந்தனையாகிவிடும். எழுதாததை நடுவில் கொண்டுவந்து காலி செய்யச் சொல்ல முடியாது. மீன் இல்லாமல் சோறு இறங்காத கடற்கரையில் இந்த வரியை வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

சாதி மாறித் திருமணம் செய்தவர்கள் நாங்கள். வீடு தந்தவரையும் மிரட்டுகிறார்கள்.

இது வாடகைப் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை. முதலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்குப் போங்கள். 2018 மார்ச்சில் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட இணையருக்கென ஒவ்வொரு மாவட்டத்திலும் சிறப்புப் பிரிவு, பாதுகாப்பான தங்குமிடம், உடனடிக் காவல் பாதுகாப்பு வேண்டும் என்று உத்தரவிட்டது. மனுவில் அந்தத் தீர்ப்பின் பெயரைக் குறிப்பிடுங்கள். மிரட்டியவர்கள் பெயரோடு, வீட்டுக்காரரும் மிரட்டப்பட்டார் என்பதையும் எழுதுங்கள். வீட்டைத் தேடுவது அதன் பிறகு.

திருநங்கை என்று வீடு தர மறுக்கிறார்கள். எச்.ஐ.வி. என்று தெரிந்து காலி செய்யச் சொல்கிறார்கள்.

இந்த இரண்டு பேருக்கும் சட்டம் தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 2019 வீட்டில் குடியிருப்பதையோ வாங்குவதையோ வாடகைக்கு எடுப்பதையோ மறுக்கக் கூடாது என்கிறது. வீட்டை விட்டோ ஊரை விட்டோ வெளியேறும்படி செய்தால் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை என்றும் வைத்திருக்கிறது. 2018 செப்டம்பரில் நடப்புக்கு வந்த எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் சட்டமும் ஏறத்தாழ அதே சொற்களில் வாடகை வீட்டைச் சேர்த்திருக்கிறது. தனியார் வீட்டுக்காரரையும் அது கட்டுப்படுத்தும். இரண்டு கூட்டத்துக்கு எழுத முடிந்த ஒரு வரியை மற்றவர்களுக்கும் எழுத எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒவ்வொரு முறை வாசிக்கும்போதும் எனக்குத் தோன்றும்.

குடியேறி ஆறு மாதம் ஆகிறது. இப்போது சாதி தெரிந்துவிட்டது. தண்ணீரை நிறுத்திவிட்டார், பூட்டுப் போடப் போகிறேன் என்கிறார்.

பூட்டுப் போட அவருக்கு உரிமை இல்லை. 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி, சட்டத்தில் சொன்ன காரணம் ஒன்றைக் காட்டி வாடகை நீதிமன்றத்தில் ஆணை வாங்கித்தான் குடியிருப்பவரை வெளியேற்ற முடியும். அந்தக் காரணங்களில் சாதி இல்லை, மதம் இல்லை, “ஊர்ல பேசுறாக” என்பதும் இல்லை.

தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசியச் சேவையை நிறுத்துவதை அந்தச் சட்டம் தனியாகத் தடை செய்கிறது. நிலத்தடி நீர் உப்பாகவும் குழாய்த் தண்ணீர் நாள் கணக்கில் தாமதமாகவும் வரும் ஊரில், மோட்டாரை நிறுத்துவது வீட்டைப் பிடுங்குவதற்குச் சமம். அந்தச் சட்டப்படி அமைந்த வாடகை அதிகார அமைப்பிடம் எழுத்தில் கொடுத்தால் உடனே சேவையைத் திரும்பக் கொடுக்க இடைக்கால ஆணை போடலாம். வீட்டுக்காரர் உள்ளே வந்து பார்க்க வேண்டுமென்றாலும் 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் சொல்ல வேண்டும். வாடகையை வாங்க மறுத்து, பாக்கி என்று காட்டப் பார்த்தால், பணத்தை அந்த அமைப்பிடமே கட்டிவிடலாம். இந்தத் தந்திரம் இங்கே அதிகம்.

ஒருவேளை பூட்டியே விட்டார் என்றால்? 1963ஆம் ஆண்டுக் குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 6ஆவது பிரிவு இருக்கிறது. சட்டப்படி அல்லாமல் வெளியே தள்ளப்பட்டவர், ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு உடைமையைத் திரும்பப் பெறலாம். எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் இது பொருந்தும். கிராமமானாலும் நகரமானாலும் பொருந்தும். ஆறு மாதம் என்பதை மட்டும் தவறவிடாதீர்கள்.

மீன்பிடித் தொழிலை நம்பியிருப்பவர்களுக்கு இன்னொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கும், கையில் பணம் இருக்காது. இரண்டு மாத வாடகை பாக்கி என்பது வெளியேற்றக் கேட்பதற்குச் சட்டத்தில் உள்ள காரணம். அனுப்பி விட வேண்டும் என்று காத்திருப்பவருக்குத் தடைக்காலமே வாய்ப்பாகிவிடும். ஏப்ரலுக்கு முன்பே ஒரு மாத வாடகையாவது ஒதுக்கி வையுங்கள். முடியாவிட்டால், தவணையாகத் தருவதாகப் பேசி அதை எழுதி வாங்குங்கள்.

ஒப்பந்தம், அட்வான்ஸ், ஒத்தி: எதில் கவனம்?

ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிவாக வேண்டும். 11 மாதம்தானே, பதிவு எதற்கு என்பது பழைய கணக்கு. ஒவ்வொரு மாதமும் ரசீது கேளுங்கள். ஜிபேயில் அனுப்பினால் “இன்ன மாத வாடகை” என்று குறிப்பு எழுதுங்கள். அட்வான்ஸுக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டம் வைத்திருக்கும் அளவு மூன்று மாத வாடகை. பக்கத்து வீட்டுக்காரரிடம் மூன்று மாதம் வாங்கியவர் உங்களிடம் பத்து மாதம் கேட்டால், அதுவும் மறுப்பின் இன்னொரு முகம்தான். அதையும் குறித்து வையுங்கள்.

ஒத்திக்குப் போகிறவர்கள் வாடகைதாரர் இல்லை. சட்டத்தின் பார்வையில் அது அடமானம். பத்திரம் பதிவாகாவிட்டால் கொடுத்த லட்சங்களுக்குப் பிடிமானம் இல்லை. வெள்ளைத் தாளிலும் இருபது ரூபாய் முத்திரைத்தாளிலும் ஒத்தி எழுதிவிட்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நான் இலங்கைத் தமிழர். மண்டபம் முகாமுக்கு வெளியே வீடு எடுக்கலாமா?

முகாமுக்கு வெளியே, காவல் நிலையப் பதிவுடன் பல குடும்பங்கள் வாடகைக்கு இருக்கின்றன. வெளிநாட்டவர் தங்குவதைத் தெரிவிக்க வேண்டிய கடமை வீடு தருபவருக்கும் உண்டு. அந்தப் பயத்தில்தான் பலர் மறுக்கிறார்கள். பதிவு ஆவணத்தை முதலிலேயே காட்டினால் பாதிப் பயம் போகும். அரசியலமைப்பின் 15, 19ஆவது பிரிவுகளின் உரிமைகள் குடிமக்களுக்கானவை. ஆனால் சட்டத்தின் முன் சமத்துவம் தரும் 14ஆவது பிரிவும் உயிர்வாழும் உரிமை தரும் 21ஆவது பிரிவும் இந்த மண்ணில் நிற்கும் எவருக்கும் உண்டு. குடிமகன் இல்லை என்பதற்காக உங்களை யாரும் தெருவில் தள்ள முடியாது.

எங்கே போக வேண்டும்? செலவு ஆகுமா?

ஒப்பந்தம், அட்வான்ஸ், தண்ணீர், பூட்டு ஆகியவற்றுக்குக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் வாடகை அதிகார அமைப்பு யார் என்று கேளுங்கள். நம் மாவட்டத்தில் ராமநாதபுரம், பரமக்குடி என்று இரண்டு கோட்டங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனுவின் பிரதி ஒன்றைக் கொடுத்து எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

சாதி சார்ந்த குற்றம் என்றால் காவல் நிலையம். மனு ஏற்பு ரசீது, அதாவது சி.எஸ்.ஆர்., கொடுத்து “பேசி முடிச்சுக்கங்க” என்று அனுப்பப் பார்ப்பார்கள். வன்கொடுமைச் சட்டத்தின் 18ஏ பிரிவு, முதல் தகவல் அறிக்கை பதிவதற்கு முன்விசாரணை தேவையில்லை என்று சொல்கிறது. அதைச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் புகாரைத் தபாலில் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் நீதிமன்றம். விசாரிக்க வேண்டியவர் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி. கடமையை வேண்டுமென்றே தவறவிடும் அரசு ஊழியருக்கும் அதே சட்டத்தில் தண்டனை உண்டு. வன்கொடுமைப் புகாருக்கு 14566 என்ற தேசிய உதவி எண்ணும் இருக்கிறது.

பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வழக்கறிஞர் உண்டு. நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

நான் வீட்டுக்காரர். எனக்குச் சாதி பிரச்சினை இல்லை. ஆனால் இன்னாருக்குக் கொடுத்தால் ஊர்க் காரியத்தில் சேர்க்க மாட்டோம் என்கிறார்கள்.

இதைக் கேட்பவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். “ஊர்ல கேட்டுட்டுச் சொல்றேன்” என்று எனக்குச் சொன்னவரும் ஒருவேளை இப்படிப்பட்டவராகவே இருந்திருக்கலாம்.

உங்களுக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆவது பிரிவு, தீண்டாமையைக் கடைப்பிடிக்க மறுத்தார் என்பதற்காக ஒருவரைத் தன் சமூகத்தார் ஒதுக்கி வைப்பதையும், அவருக்கு உரிய உரிமையை மறுப்பதையும் தண்டிக்கிறது. வரி வாங்க மாட்டோம், திருவிழாவில் பங்கு இல்லை, சாவுக்கு வர மாட்டோம் என்று யார் சொன்னார்கள், எந்தத் தேதியில், எந்தக் கூட்டத்தில், யார் முன்னால் என்று எழுதி வையுங்கள். வாடகைக்கு வருபவரோடு ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்யுங்கள். மிரட்டல் தொடர்ந்தால் நீங்களும் அவரும் ஒரே நாளில், தனித்தனியாக இரண்டு மனு கொடுங்கள். வீட்டுக்காரர் கையெழுத்தோடு வரும் மனுவைக் காவல் நிலையத்தில் “வாடகைத் தகராறு” என்று ஒதுக்கி வைப்பது எளிதில்லை.